இருபத்தாறாவது அடி

அத்தியாயம் 14

போன வாரம் பெரியவனை வாசல் கேட்டருகே, கையில் டீ டம்ளரோடு, பேயறைந்த மாதிரி நிற்க வைத்துவிட்டுப் போனேன். ஏழு நாளாக ஒரு மனுஷனை அப்படி நிற்க வைத்தது பாவம்தான். ஆனால், "இன்னும் ஏழு நாள் நிற்கட்டும், அப்போதாவது புத்தி வருகிறதா பார்ப்போம்" என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். அம்மா தாயே, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. இருந்தாலும் டீ ஆறிவிட்டது. இன்றைக்கு அவனை உள்ளே கூட்டிப் போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. கீழ் வீட்டில் அப்பா, சின்னவன், அவன் மனைவி. மாடியில் பெரியவன், அவன் மனைவி. பெரியவனுக்கு டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார் வேலை. அப்பா ஒரு தொழிற்சாலையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் யாரிடமும் எதையும் வாயால் சொல்லமாட்டார், எழுதி ஒட்டிவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் சின்னவனுக்குக் கல்யாணம் ஆனது. இடுப்பைத் தாண்டித் தொங்கும் சடையோடு வந்தாள் மருமகள். வந்து பதினைந்து நாள் ஆகவில்லை, கீழ் பாத்ரூமில் தண்ணீர் போகாமல் தேங்கியது. "சடை வந்தது, அடைப்பு வந்தது!" என்று சாப்பாட்டு மேஜையில் எடுத்துவிட்டான் பெரியவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த வீட்டில் பெயரே சடைதான். மறுநாள் காலையில் பாத்ரூம் சுவரில் அப்பாவின் அழகான கையெழுத்தில் ஒரு காகிதம் இருந்தது: 'தலைமுடியைத் தரையில் விடாதீர்.' யாருக்கு என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் எல்லோரும் வெளியூர் போயிருந்த ஒரு நாள் மறுபடியும் அடைத்துக்கொண்டது. வீட்டில் பெரியவன் மட்டும். குழாய்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டான். அவர் நீளக் கம்பியை உள்ளே விட்டார். இருபத்தாறாவது அடியில் 'டங்' என்றது. "சிமெண்ட் சார். யாரோ கரைச்சு ஊத்தியிருக்காங்க, இறுகிப் போச்சு" என்றார் அவர்.

யாரோ இல்லை. தம்பி கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் மாடி பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டார்கள். கடைசி நாள் மேஸ்திரி வரவில்லை. மிச்சமிருந்த ஒரு வரிசையைப் பெரியவன் தானே ஒட்டினான். ஒட்டி முடித்து, வாளியில் மீந்த சிமெண்ட் பாலைப் பாத்ரூம் ஓட்டையில் சாய்த்து, மேலே இரண்டு வாளி தண்ணீரையும் ஊற்றினான். தண்ணீரோடு போய்விடும் என்று நினைத்தான். அது போகவில்லை. கீழே, தம்பி அறைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று மாலை எல்லோரும் ஊரிலிருந்து திரும்பி, "என்ன அடைப்பு?" என்று கேட்டபோது பெரியவன் ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"முடிதான்."

அடுத்த மாதம் சடை அழகு நிலையத்துக்குப் போய்க் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தாள். அப்புறமும் அடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை சாக்கடைத் தண்ணீர் எதிர்த்து வந்து அவர்கள் அறைக்குள் புகுந்தது. கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்த அவளுடைய படிப்புச் சான்றிதழ்கள் ஊறிப் போயின. அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "இந்த வீட்டுக்கு நான்தான் அடைப்புன்னா நான் போயிடறேன்." சின்னவன் வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டான். இன்று மாலை ஐந்து மணிக்குள் அந்த வீட்டுக்காரருக்கு வரோம், வரலை என்று பதில் சொல்ல வேண்டும். அப்பாதான் கெஞ்சினார். "போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேமரா விட்டுப் பாத்துடலாம்டா."

சின்னவன் ஆபீஸ் நண்பரிடம் கேட்டு ஒரு ஆளைப் பிடித்தான். காலை பத்து மணிக்கு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது அதே குழாய்க்காரர். அவரைப் பார்த்துத்தான் பெரியவன் டீ டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டான்.

"யாரு வீட்டுக்காரரு?" என்று தெருவே திரும்பும்படி கேட்டார் குழாய்க்காரர். இருபது வருடமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்று அவர் காது மந்தமாகிவிட்டது. தன் குரல் எவ்வளவு பெரிது என்பது அவருக்கே தெரியாது.

"நான்தான் போன் பண்ணேன்" என்று முன்னால் வந்தான் சின்னவன். "இது எங்க அண்ணன்."

குழாய்க்காரர் பெரியவனை ஏற இறங்கப் பார்த்தார். "சாரை எங்கயோ பாத்திருக்கேனே?"

"எனக்கு அந்த மாதிரி முகம். எல்லாரும் இப்படித்தான் கேப்பாங்க" என்று பெரியவன் சிரித்து வைத்தான். அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. தினமும் கற்றுக்குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பழகிய கால் அது.

சின்னவன் கரெண்டுக்கு வயர் இழுக்க உள்ளே போனான். பக்கச் சந்தில், தரையோடு பதிந்த சாக்கடைத் தொட்டி மூடியைக் காட்டப் பெரியவன் மட்டும் கூடப் போனான். மூடியின் கைப்பிடி உடைந்து, அதில் ஒரு கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது. குழாய்க்காரர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட! இந்த முறுக்கு என் கை முறுக்கு சார்! நான் கட்டினது! உங்க வீடுதானா இது? அன்னிக்கே சொன்னேனே சார், உள்ள சிமெண்டுன்னு! கேமரா கொண்டாரேன்னேனே, நீங்க கூப்பிடவே இல்லியே!"

"கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"என்னது?"

"மெதுவா!"

"மெதுவாத்தானே சார் பேசறேன்!"

பெரியவனுக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் காதருகே குனிந்து, "வீட்டுல யாருக்கும் தெரியாது. நீங்க முன்னாடி வந்ததைச் சொல்லாதீங்க. உங்க கையைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்" என்றான்.

குழாய்க்காரர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. "நான் குழாயைப் பத்தித்தான் சார் பேசுவேன். குடும்பத்தைப் பத்திப் பேசறது என் வேலை இல்ல." அதையும் அவர் அதே குரலில்தான் சொன்னார்.

பெரியவன் அப்பாடா என்று மூச்சு விட்டான். அட மக்கு மனுஷா, தலையைத் தூக்கிப் பார்த்திருக்கக் கூடாதா? நேர் மேலே மாடி பால்கனியில் அவன் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஈரப் போர்வை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கொடியில் போடாமலே நின்றாள். வீட்டுக்குள் அப்பாவின் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது; ஆனால் கீழே பேசியது ஒரு எழுத்து விடாமல் இவள் காதில் விழுந்துவிட்டது.

பதினொரு மணிக்கு வீடே கீழ்க் கூடத்தில் கூடிவிட்டது. குழாய்க்காரர் ஒரு சின்னத் திரையை ஸ்டூலில் வைத்தார். அப்பா நாற்காலியை அதன் எதிரே இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சின்னவன் தரையில் உட்கார்ந்தான். மாடியிலிருந்து இறங்கி வந்த பெரியவன் மனைவி சுவரோரம் நின்றாள். சடை தன் அறை வாசலைத் தாண்டி வரவில்லை. அவளுக்குப் பின்னால் பாதி கட்டிய அட்டைப் பெட்டிகள் தெரிந்தன.

பெரியவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கேமரா வயர் உள்ளே போகப் போகத் திரையில் படம் நகர்ந்தது. ஈரச் சுவர், அழுக்குத் தண்ணீர், அதில் விளக்கு வெளிச்சம்.

"இது அந்தக் காலத்து மண் குழாய். ரெண்டடிக்கு ஒரு மூட்டு. மூட்டுல பூசினது உதுந்து போச்சு, பாருங்க" என்று குழாய்க்காரர் விரலால் காட்டினார். "அந்த இடுக்கு வழியாத்தான் பக்கத்து வீட்டு மரம் வேர் விட்டிருக்கு. மரத்துக்கென்ன, தண்ணி இருக்கற இடத்துக்கு வரத்தானே செய்யும்."

பிரித்த நூல்கண்டு மாதிரி வெள்ளை வேர்கள் திரையில் ஆடின. அப்பா 'ச்சொ ச்சொ' என்றார்.

"முடி இருக்கா?"

எல்லோரும் திரும்பினார்கள். கேட்டது சடை. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குழாய்க்காரருக்கு அது சரியாகக் காதில் விழவில்லை. சின்னவன் உரக்கத் திருப்பிச் சொன்னான். "முடி, முடி! தலைமுடி இருக்கான்னு கேக்கறா!"

"முடியா? மனுஷங்க குளிச்சா முடி போகாம இருக்குமா? எல்லார் வீட்டுலயும்தான் போகுது. அது பாட்டுக்குத் தண்ணியோட போயிடும்மா. தடுக்கி நிக்க ஏதாவது இருந்தாத்தான் நிக்கும். தடுக்கறது என்னன்னுதான் இப்பப் பாக்கப் போறோம்."

வயரில் இருந்த அடிக் கணக்கு எண்கள் ஓடின. இருபது. இருபத்திரண்டு. இருபத்து நாலில் குழாய் லேசாகக் கீழே தொய்ந்தது. "இங்க மண்ணு இறங்கி, குழாயும் கூட இறங்கிடுச்சு" என்றார். இருபத்தாறில் கேமரா முட்டிக்கொண்டு நின்றது.

திரை முழுக்கச் சாம்பல் நிறம். குழாயின் பாதி உயரத்துக்கு, வழவழவென்று, அசையாமல் கிடந்தது.

"என்னப்பா அது?" என்றார் அப்பா.

குழாய்க்காரர் பெரியவன் பக்கம் திரும்பவே இல்லை. "சிமெண்ட் பெரியவரே. மேல இருந்து யாரோ கரைச்சு ஊத்தினது. பள்ளத்துல தேங்கி, கல்லாயிடுச்சு. எப்படியும் ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

சடைதான் கேட்டாள்.

"அப்ப நான் இல்லியா?"

குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள். யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"நீ எதுக்கும்மா? இதுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் குழாய்க்காரர், விஷயம் புரியாமல்.

அவள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கழுத்தோரம் நிற்கிற முடியைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி விட்டுக்கொண்டே இருந்தாள். பெரியவனுக்கு அந்தக் கையைப் பார்க்கச் சகிக்கவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான், மின்விசிறியைப் பார்த்தான், எதைப் பார்த்தாலும் கண் அங்கேயேதான் போயிற்று.

"சரி, இதுக்கு என்ன வழி?" என்று பேச்சை வேலைக்குத் திருப்பினான் சின்னவன்.

குழாய்க்காரர் உற்சாகமாகிவிட்டார். வேரும் அழுக்கும் பெரிய விஷயமில்லை, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சினால் அறுந்து போய்விடும், ஆனால் மூட்டு திறந்தே கிடந்தால் வருடத்துக்கு ஒரு தடவை வேர் மறுபடி எட்டிப் பார்க்கும் என்றார். அதற்கு ஒரு புது வழி வந்திருக்கிறதாம். பசையில் ஊறின துணி உறை ஒன்றைக் குழாய்க்குள் விட்டுக் காற்றடித்து ஊதினால், அது உள்சுவரோடு ஒட்டி இறுகி, பழைய குழாய்க்குள் புதுக் குழாய் ஆகிவிடுமாம். தரையை உடைக்க வேண்டாம்.

"பேஷ்! அதையே பண்ணிடலாமே" என்றார் அப்பா.

"கல்லு மேல உறை போட்டா உறையும் கல்லு மாதிரியே வளைஞ்சுக்கும் பெரியவரே. பள்ளமும் அப்படியேதான் இருக்கும். அந்த இடத்துல மட்டும் தரையை உடைச்சுத்தான் ஆகணும். ஆறடி குழாயை எடுத்துட்டு, அடியில மணல் போட்டுக் கெட்டிச்சு, தண்ணி ஓடற வாட்டம் பாத்துப் புது பிளாஸ்டிக் குழாய் போடணும். மிச்சத்துக்கு உறை."

"பழசை அப்படியே விட்டுட்டு வீட்டுக்கு வெளிய சுத்திப் புது லைன் போட முடியாதா?" என்று கேட்டார் அப்பா.

"போடலாம். ஆனா தெரு லைன் இருக்கற உயரத்துக்கு உங்களுக்கு வாட்டம் பத்தாது. தண்ணி போகும், மத்தது நிக்கும். அப்புறம் என்னையே திட்டுவீங்க."

"உடைக்கணும்னா எந்த இடம்?" என்றான் சின்னவன்.

குழாய்க்காரர் எழுந்து, அடி எண்ணிக்கொண்டே நடந்து, சடையைத் தாண்டி அவர்கள் அறைக்குள் போனார். கட்டிலின் கால்மாட்டில் போய் நின்று, குதிகாலால் தரையைத் தட்டினார். "இங்க."

இத்தனை நேரம் அப்பா எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று தொடையில் தட்டினார்.

"மூணு வருஷம்! மாடியில டைல்ஸ் போட்டது எப்ப? கல்யாணத்துக்கு முன்னாடிதானே! அந்த மேஸ்திரி பய வேலைதான் இது. கொண்டாடா போனை!"

"அப்பா, விடுங்கப்பா. மூணு வருஷம் ஆச்சு" என்றான் பெரியவன். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"எப்படிடா விடறது? ஒரு பொண்ணு மேல மூணு வருஷமா பழி போட்டிருக்கோம்!"

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார். இரண்டு மணி அடித்ததுமே மேஸ்திரி எடுத்துவிட்டார். அப்பா சும்மா விடவில்லை. வேலை தெரியுமா, வெட்கமாயில்லையா, சிமெண்டை ஓட்டையில் ஊற்றலாமா என்று வெளுத்து வாங்கினார். மேஸ்திரி குறுக்கே பேசவே இல்லை.

"ஐயா, நான் வாளியைத் தெருவோரமா மண்ணுலதான் கழுவறது வழக்கம்" என்றார் கடைசியில். "கடைசி நாள் புள்ளைக்குக் காய்ச்சல்னு நான் வரவும் இல்ல. ஆனா நான் இல்லைன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன் ஐயா, முந்தின நாள் என் ஆளுங்க யாராவது ஊத்தியிருக்கலாம். என் பேருல நடந்த வேலை. நாளைக்குக் காலைல வந்து நானே தரையை உடைச்சுச் சரி பண்ணிக் குடுத்துடறேன். கோவிச்சுக்காதீங்க."

ஒரு அப்பாவியிடமிருந்து கழன்ற பழி இன்னொரு அப்பாவி தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. அதுவும் அந்த ஆள் வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறார்.

"அப்பா, போனை வைங்க."

"இருடா, இன்னும் நான்..."

"அவர் இல்லப்பா. நான்தான்."

அப்பா போனைக் கீழே இறக்கினார்.

"கடைசி வரிசை டைல்ஸை நான்தான் ஒட்டினேன். மீந்த சிமெண்ட் பாலை நான்தான் ஊத்தினேன். கரைஞ்சு போயிடும்னு நினைச்சேன்ப்பா." ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

சின்னவன் எழுந்து நின்றான். அண்ணனை உற்றுப் பார்த்தான்.

"உனக்கு எப்பண்ணா தெரியும்? இதுதான் அடைப்புன்னு எப்பத் தெரியும்?"

இங்கேதான் வாசகர்களே, நான் பேனாவை வைத்துவிட்டு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று பார்த்தேன். இத்தனை தூரம் வந்துவிட்டான். இன்னும் ஒரே ஒரு படி. அதையும் இறங்கியிருந்தால் இந்தத் தொடரை இந்த வாரமே முடித்திருப்பேன்.

"இப்பத்தான்" என்றான் பெரியவன். "இப்ப, திரையில பாத்ததும்தான் தெரிஞ்சுது."

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த குழாய்க்காரரின் கை ஒரு கணம் நின்றது. பிறகு சுருட்ட ஆரம்பித்தது. பெரியவன் மனைவி சுவரை விட்டு விலகி, யாரையும் பார்க்காமல் மாடிப்படி ஏறிவிட்டாள்.

கீழே அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நல்லதுதான். நல்லது நடக்க நடக்கப் பெரியவனுக்குத்தான் தாங்கவில்லை. மேஸ்திரியிடம் அப்பா மன்னிப்புக் கேட்டார். அப்புறம் பாத்ரூமுக்குள் போய், சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். வெளியே வந்து மருமகள் எதிரே நின்றார். வீட்டாரிடம் மனசில் இருப்பதை வாயால் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர்.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார். "வயசுதான் ஆச்சே தவிர அறிவு வரலை."

"ஐயோ மாமா, விடுங்க!" என்று அவள் எழுந்துவிட்டாள். அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

சின்னவன் அண்ணன் முதுகில் ஒரு அறை வைத்தான். "மூணு வருஷம் முன்னாடி செஞ்சதை யாருண்ணா வந்து கேக்கப் போறா? மேஸ்திரி தலையில போட்டுட்டு நீ கம்முனு இருந்திருக்கலாம். சொன்னியே, அது போதும்."

மதியம் யாரும் பெட்டி கட்டவில்லை. மூன்று மணிக்குச் சின்னவன் கட்டிய பெட்டிகளைப் பிரித்தான். நாளைக்குத் தரையை உடைத்து வேலை முடியும் வரை கட்டிலைக் கூடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அப்பா இடம் அளந்தார்.

மாடியில் பெரியவன் மனைவி மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அவன் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "ஒரு வழியா முடிஞ்சுது" என்றான்.

"அன்னிக்கேன்னா என்னிக்கு?"

"என்ன?"

"'அன்னிக்கே சொன்னேனே சார்'னாரே அவர். அந்த 'அன்னிக்கு' என்னிக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"நீங்க எல்லாரும் ஊருக்குப் போனீங்களே, ரெண்டு வருஷம் முன்னாடி. அன்னிக்கு."

அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "அவ முடி வெட்டப் போனப்போ நான்தாங்க கூடப் போனேன். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு, வாங்கக்கான்னு கூப்பிட்டா. நாற்காலியில உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, முடியற வரைக்கும் கண்ணைத் திறக்கவே இல்ல. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'போனாப் போகுது, இனிமேலாவது வீட்டுல யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க'ன்னு சொன்னேன். எனக்குத் தெரியாது, சொன்னேன். உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தா, 'அட, நல்லாத்தான் இருக்கு'ன்னீங்க."

"எனக்குச் சொல்ல வாய் வரலை" என்றான். "முதல் நாளே சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பாங்க. ஒரு நாள் தள்ளினேன், ஒரு வாரம் ஆச்சு. அப்புறம் அவ முடியும் வெட்டிட்டா. அதுக்கப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் சொல்லுவேன்?"

"இன்னிக்கு வாய் வந்துதே. பாதிதானே வந்துது."

"முழுசாச் சொன்னாப் போயிடுவாங்கடி. தம்பி என் மூஞ்சியிலயே முழிக்கமாட்டான். இப்ப இருக்கோம்னு சொல்லிட்டாங்க. எதுக்கு மறுபடியும்?"

"எதை நம்பி இருக்காங்க?"

அவன் எழுந்து, அவள் மடித்த துணியை அலமாரியில் அடுக்கப் போனான்.

"நான் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றாள். "நீங்கதான் சொல்லணும். அஞ்சு மணிக்கு அந்த வீட்டுக்காரருக்கு வரலைன்னு சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னாடி சொல்லிடுங்க. இருக்கறதுன்னாலும் தெரிஞ்சு இருக்கட்டும். போறதுன்னாலும் தெரிஞ்சு போகட்டும்."

மணி நாலே முக்கால்.

மாடிப்படி பதினெட்டு. பெரியவன் ஒவ்வொரு படியிலும் நின்றான். நாளைக்குச் சொல்லலாமே என்றது மனசு. தரையை உடைத்துக் குழாய் போட்டு எல்லாம் சரியான பிறகு சொன்னால் என்ன? சொல்லித்தான் யாருக்கு என்ன லாபம், வெட்டின முடி ஒட்டிக்கொள்ளப் போகிறதா? இந்த நியாயங்களையெல்லாம் அவன் இரண்டு வருடமாகத் தனக்கே சொல்லிச் சொல்லித் தேய்த்திருந்தான். இன்றைக்கு ஒன்றுகூடப் பிடி கொடுக்கவில்லை. வெட்கம் காதுவரை எரிந்தது. ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

கீழ்க் கூடத்தில் சடை மட்டும் இருந்தாள். சின்னவன் பின்பக்கம் அட்டைப் பெட்டிகளை மடக்கிக்கொண்டிருந்தான். அப்பா அறையில் ரேடியோ பாடியது. ஊறிப் போன சான்றிதழ்களை மேஜை மேல் பரப்பி, ஒவ்வொன்றின் மீதும் துணியை வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள் அவள். பக்கத்தில் போன் இருந்தது. அவனைப் பார்த்ததும் சிரித்தாள். மூன்று வருடத்தில் அவள் அவனைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை.

"வாங்க அத்தான். உங்களைப் பாக்க மேல வரணும்னுதான் நினைச்சுட்டிருந்தேன்."

"என்னம்மா?"

"உண்மையைச் சொன்னா நான் போகணும்னுதான் இருந்தேன். மாமா அழுதாக்கூடப் போயிருப்பேன்." அவள் துணியைப் பிழிந்தாள். "நீங்க எழுந்து நான்தான்னு சொன்னீங்களே, அப்பத்தான் மனசு மாறிச்சு. இந்த வீட்டுல எனக்காக உண்மையைச் சொல்ல ஒரு ஆள் இருக்காருன்னு தோணிச்சு. இதோ, வரலைன்னு சொல்லத்தான் போன் பண்ணப் போறேன்."

அவள் போனை எடுத்தாள்.

"பண்ணாதம்மா" என்றான் பெரியவன்.

"ஏன் அத்தான்?"

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பத்தான் தெரியும்னு சொன்னேன்ல. அது பொய். ரெண்டு வருஷமாத் தெரியும். இதே ஆள்தான் அன்னிக்கு வந்தாரு, கம்பி விட்டுப் பாத்துச் சிமெண்டுன்னு சொன்னாரு. ஊத்தினது நான்தான்னு எனக்கு அப்பவே தெரியும். நான்தான் எல்லார்கிட்டயும் முடின்னு சொன்னேன். நீ..." அவன் கண் அவள் கழுத்தோர முடிக்குப் போயிற்று. "மன்னிச்சுக்கோன்னு கேக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லம்மா."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. காது கேட்டதை மனசு நம்ப நேரம் பிடித்தது. பிறகு மெல்ல மெல்லப் போயிற்று.

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

"ஆமாம்மா."

கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கையிலிருந்ததை விட்டெறிவாள் என்று எதிர்பார்த்தான். எறிந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் துணியை நான்காக மடித்து மேஜை ஓரத்தில் வைத்தாள். போனையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

"எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது அத்தான்" என்றாள். "எனக்கு ரகசியமாத் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது? என்னைப் பேசினது வீடே கூடித்தானே."

"இரும்மா, தம்பிகிட்ட நானே தனியா..."

அவள் காதில் வாங்கவில்லை. எழுந்து கூடத்தின் நடுவில் போய் நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் குரலை உயர்த்தி யாரையும் கூப்பிட்டதில்லை.

"மாமா! என்னங்க! மேல அக்காவையும் கூப்பிடுங்க! எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்க!"

ரேடியோ நின்றது. பின்பக்கக் கதவு திறந்தது. "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே அப்பா வந்தார். கையில் மடக்கின அட்டையோடு சின்னவன் வந்தான். மாடிப்படியில் பெரியவன் மனைவி இறங்கும் சத்தம் கேட்டது.

மேஜை மேல் போன் அடிக்க ஆரம்பித்தது. வாடகை வீட்டுக்காரர். மணி சரியாக ஐந்து.

சின்னவன் அதை எடுக்கக் கையை நீட்டினான். சடை அவன் கையைத் தடுத்தாள்.

"அடிக்கட்டும்" என்றாள். "முதல்ல அத்தான் பேசட்டும்."